மருதமுனைச் சாரிக் கடைக்கு ஸாப்பியரா, மேக்கா, என்8என்னா?

கேள்வி:

கிழக்கிலங்கை மருதமுனையில் வாப்பாவின் கைத்தறிச் சாரி, சாரன் வியாபாரத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன். பேஸ்புக்கில் படம் போடுவோம். ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில் வரும். சாதாரண நாளில் 25 வரும், பெருநாளோ சித்திரை வருடப்பிறப்போ நெருங்கினால் 80 வரை போகும். மச்சி ஒருத்தி பகலில் கொப்பியில் எழுதி, இரவில் கூகுள் ஷீட்டில் பதிகிறாள். விலாசம் பிழைத்துப் பார்சல் திரும்பி வருகிறது. ஒரே சாரியை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்கிறோம். கட்டாரில் இருக்கும் காக்கா “என்8என் போடு, அது இலவசம்” என்கிறார். யூடியூபில் மேக், ஸாப்பியர் என்கிறார்கள். இன்னொருவர் “வட்ஸ்அப்புக்கு ஏஐ போட் செய்து தருகிறேன், ஒரு கியூஆர் ஸ்கேன் பண்ணினால் போதும்” என்று விலை சொல்லியிருக்கிறார். எதை எடுப்பது? இரவில் ஏஐ பதில் சொல்லுமா? வருடச் சந்தா கட்டினால் மலிவாம், கட்டலாமா? மச்சியின் வேலை போய்விடுமோ என்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஸாப்பியர், மேக், என்8என் மூன்றும், ஒரு செயலியில் வந்த தகவலை அடுத்த செயலிக்குத் தானாகக் கொண்டுபோகும் தளங்கள். அப்படித் தானாக நடக்கும் படிகளின் தொடரைத்தான் ஓட்டம் என்கிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மேக் எடுங்கள், மாதக் கட்டணத்தில், ஒரேயொரு ஓட்டத்துக்கு மட்டும். என்8என் இப்போதைக்கு வேண்டாம். கியூஆர் ஸ்கேன் பண்ணும் போட் எப்போதுமே வேண்டாம். ஆனால் மேக்கைத் திறப்பதற்கு முன் உங்கள் ஷீட்டில் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்தத் தளத்தை எடுத்தாலும் இப்போது நடக்கும் பிழை இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன இரண்டு நட்டங்களையும் பாருங்கள். ஒரே சாரி இரண்டு பேருக்குப் போவது ஏன்? ஷீட் இரவில்தான் நிரம்புகிறது. அதனால் பகல் முழுக்க நீங்கள் நேற்றைய கையிருப்பைப் பார்த்துத்தான் விற்கிறீர்கள். மில் துணி விற்பவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, அதே நிறத்தில் இன்னும் நூறு கிடக்கும். கைத்தறியில் அப்படி இல்லையே. ஒரு சாய வட்டத்தில் தோய்த்த நூல் முடிந்தால் அடுத்த வட்டம் கொஞ்சமாவது மாறித்தான் வரும். ஒரு டிசைனில் இரண்டு சாரி, மூன்று சாரி, அதோடு சரி. அதனால் ‘பச்சை போடர் சாரி: 3’ என்று எழுதும் ஷீட் உங்களுக்கு உதவாது. தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாரிக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்தைப் படத்திலேயே பெரிதாகப் போடுங்கள். வாங்குபவர் நிறத்தை வருணிக்கத் தேவையில்லை, “412 இருக்கா?” என்று கேட்டால் போதும்.

ஷீட்டில் ஒரு சாரிக்கு ஒரு வரி. நிலை என்ற நிரலில் நான்கே சொற்கள் இருக்கட்டும்: இருக்கு, பேசியாச்சு, காசு வந்தது, அனுப்பியாச்சு. கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி வையுங்கள். ஒருவருடன் பேசி முடித்ததும் நிலையை ஃபோனிலேயே மாற்றிவிட வேண்டும், கொப்பிக்குப் பிறகு அல்ல. தொலைபேசி இலக்க நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கூகுள் ஷீட் அதை எண்ணாக எடுத்து, 077 என்று தொடங்கும் இலக்கத்தின் முன்பூச்சியத்தை விழுங்கிவிடும். பார்சல் திரும்புவதற்கு விலாசம் மட்டும் காரணமாக இருக்காது. கூரியர் பொடியன் அழைத்த இலக்கம் பிழைத்திருந்தாலும் அது திரும்பித்தான் வரும்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை இன்னும் போடவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள். அது இலவசம். விரைவுப் பதில், பொருள் பட்டியல், லேபிள், கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் செய்தி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பேச்சு முடிந்ததும் ஒரு விரைவுப் பதிலாகக் கூகுள் ஃபோர்ம் இணைப்பை அனுப்புங்கள். பெயர், விலாசம், கிட்டிய நகரம், இரண்டு தொலைபேசி இலக்கம், சாரி இலக்கம் ஆகியவற்றை வாங்குபவரே நிரப்பட்டும். தன் விலாசத்தைத் தானே எழுதுபவர் பிழை விடுவது குறைவு.

ஆனால் எல்லாரும் ஃபோர்ம் நிரப்பமாட்டார்கள். வயதானவர்கள் குரல் செய்திதான் அனுப்புவார்கள். சிலர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார்கள். காலி நகரிலிருந்து ஒருவர் சிங்களத்தில் கேட்பார். ‘பள்ளிவாசலுக்குப் பின்னால, ரெண்டாவது குறுக்கு, நீல கேட்’ என்று விலாசமும் விலைப் பேச்சும் ஒரே செய்தியில் கலந்து கிடக்கும். ஏஐ உங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். மச்சி அந்தச் செய்தியை அப்படியே நகலெடுத்து ஒரு பெட்டியில் ஒட்டுகிறாள். ஏஐ அதைப் பிரித்துப் பெயர், விலாசம், ஊர், இலக்கம், சாரி என்று நிரல்களில் போடுகிறது. தெரியாததை வெற்றாக விடும்படி அதற்குக் கட்டளை இருக்கவேண்டும். பொதி கட்டுபவரின் ஃபோனுக்கு டெலிகிராமில் செய்தி போகிறது. மச்சி ஒருமுறை ஷீட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகே அவர் பொதி கட்டவேண்டும். ஒட்டு, பிரி, எழுது, அறிவி: உங்கள் முதல் ஓட்டம் இவ்வளவுதான். இதற்கு வட்ஸ்அப்பை எந்தத் தளத்துடனும் இணைக்கவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனித் தளங்களுக்கு வருவோம். மூன்றுமே இந்த வேலையைச் செய்யும். யூடியூபில் ‘இது 8000 செயலிகளை இணைக்கும், அது இத்தனை இணைக்கும்’ என்று ஒப்பிடுவார்கள். உங்களுக்குத் தேவை ஃபோர்ம், ஷீட், ஓர் ஏஐ, டெலிகிராம். நான்கும் எல்லாவற்றிலும் உண்டு. நீங்கள் ஒப்பிடவேண்டியது வேறு இரண்டு விடயங்களை: எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள், பழுதானால் யார் திருத்துவது.

எண்ணும் முறை மூன்றிலும் வேறு வேறு. 2011இல் தொடங்கிய ஸாப்பியர், வெற்றிகரமாக நடந்த ஒவ்வொரு செயலையும் ஒரு ‘டாஸ்க்’ என்று எண்ணும். ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் முதல் படியை எண்ணாது. மேக், முன்னர் இன்டெக்ரோமாட் என்ற பெயரில் இருந்து 2022இல் பெயர் மாறியது. அது தொடக்கப் படி உட்பட ஒவ்வொரு படியையும் எண்ணும், அதற்கு இப்போது ‘கிரெடிட்’ என்று பெயர். என்8என் 2019இல் பெர்லினில் தொடங்கியது. அந்த நிறுவனமே நடத்தும் கிளவுட் சேவையில் ஓட்டம் முழுவதும் ஒன்றாகவே எண்ணப்படும், உள்ளே மூன்று படி இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒன்றுதான்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 25 ஓடர் என்றால் மாதம் 750. தொடக்கத்துக்குப் பிறகு மூன்று படிகள். ஸாப்பியரில் 2250 டாஸ்க். என்8என்னில் 750 ஓட்டம். மேக்கில் தொடக்கத்தையும் சேர்த்து 3000 கிரெடிட். நோன்பு மாதம் முழுக்க நாளுக்கு 80 என்று வைத்துக்கொண்டால் ஓடர் 2400. அப்போது ஸாப்பியர் 7200, என்8என் 2400, மேக் 9600. எண் பெரிது என்பதற்காக மேக் விலை கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலகுக்கு அலகு பார்த்தால் ஸாப்பியரை விட மேக் நன்றாகவே மலிவு. விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சேரும் நாளில் அவர்களின் விலைப் பக்கத்தைப் பாருங்கள். இலவசத் திட்டத்தில் ஸாப்பியர் மாதம் 100 டாஸ்க்கும் மேக் 1000 கிரெடிட்டும் தருகின்றன. இரண்டும் பழகிப் பார்க்கப் போதும், கடை நடத்தப் போதாது.

மேக்கில் ஒரு பொறி இருக்கிறது. விளம்பரக் காணொளிகளில் இதைச் சொல்லமாட்டார்கள். ஷீட்டில் புதிய வரி வந்திருக்கிறதா என்று குறித்த நேரத்துக்கு ஒருமுறை மேக் எட்டிப் பார்க்கும். ஒன்றும் வராவிட்டாலும் எட்டிப் பார்த்ததற்கு ஒரு கிரெடிட் போய்விடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 96, மாதத்துக்கு 2880. ஒரு ஓடரும் வராத மாதத்திலும் இது போகும். காசு கட்டிச் சேர்ந்ததும் ‘ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை’ என்ற வசதி திறக்கும். ஆசைப்பட்டு அதைப் போட்டால் நாளுக்கு 1440 கிரெடிட். மாதத்துக்கு 10,000 என்று வாங்கியிருந்தால் ஒரு கிழமையில் காலி, ஓட்டம் நின்றுவிடும். அதனால் செய்தி ஒட்டும் பெட்டியிலிருந்தே தகவலை உடனடியாக மேக்குக்குத் தள்ளும் ‘வெப்ஹுக்’ முறையில் கட்டுங்கள். மேலே நான் போட்ட 3000 என்ற கணக்கு அந்த முறைக்குத்தான். செய்து தருபவர் யாராக இருந்தாலும் “இது வெப்ஹுக்கா, எட்டிப் பார்க்கிறதா?” என்று நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது.

ஏஐக்கான கணக்கு தனி. ஏஐயின் சொந்தச் சாவியை, அதாவது ஏபிஐ கீயை, நீங்களே வாங்கி இணைத்தால் அந்தக் கட்டணம் ஏஐ நிறுவனத்துக்கு நேரே போகும். தளத்துக்குள் இருக்கும் ஏஐயைப் பாவித்தால் கிரெடிட் கூடுதலாகக் கழியும். ஏஐ நிறுவனங்கள் எழுத்தைத் துண்டுகளாக எண்ணிக் காசு வாங்குகின்றன. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழில் எழுதினால் துண்டுகள் கூடும். ஒரு ஓடர் செய்தி சிறியது என்பதால் உங்களுக்கு இது பெரிய தொகை ஆகாது. இருந்தாலும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்ச எல்லையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

காக்கா சொன்ன என்8என்னைப் பற்றி. அவர் சொல்வது பொய் இல்லை. அதன் சமூகப் பதிப்பை உங்கள் சொந்தச் சேர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இயங்கும் ஒரு கணினியில், நிறுவி, உங்கள் வியாபாரத்தின் உள்வேலைக்குப் பாவிக்க உரிமக் கட்டணம் இல்லை. நல்ல மென்பொருள், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தொழில்நுட்ப ஆள் ஒருவர் சம்பளத்தில் இருக்கும் நிறுவனம் கேட்டால் அதையே சொல்வேன். ஆனால் சேர்வர் வாடகை இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் திருத்தம் வரும்போதெல்லாம் யாராவது புதுப்பிக்கவேண்டும். பிரதி எடுத்து வைக்கவேண்டும். கணக்குகளின் கடவுச்சாவிகளை என்8என் ஒரு மறைச்சாவியால் பூட்டி வைத்திருக்கும். அந்த மறைச்சாவி தொலைந்தால் பிரதி கையில் இருந்தாலும் எல்லா இணைப்பையும் திரும்பப் போடவேண்டும். இதையெல்லாம் காக்கா கட்டாரில் இருந்து செய்வாரா? செய்வார் என்றே வைத்துக்கொள்வோம். நோன்பு இருபத்தேழில், கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில் சேர்வர் விழுந்தால் அவர் வேலைத்தளத்தில் நிற்பார். அவருடைய அன்பில் குறை இல்லை, தூரம்தான் பிரச்சினை.

கடைக் கணினியிலேயே அதை ஓடவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். நவம்பர், டிசம்பர் மாரியில் கல்முனைப் பக்கம் கரண்ட் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஸாப்பியரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். மூன்றிலும் பழக இலகுவானது அதுதான். நீங்கள் நாளுக்கு ஐந்து ஓடர் எடுப்பவர் என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். உங்கள் அளவுக்கு அதன் பில் கனக்கும். மைக்ரோசொஃப்ட்டின் பவர் ஒட்டோமேட், அலுவலகம் முழுக்க மைக்ரோசொஃப்ட்டில் இருப்பவர்களுக்கு உரியது, நீங்கள் கூகுளில் இருக்கிறீர்கள். ஷீட்டுக்குள்ளேயே கணினி நிரல் எழுதி ஓடவிடும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை யாரும் உங்களிடம் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். கூகுள் கணக்கோடு இலவசமாகவே வருகிறது. ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, சாதாரண கணக்கில் நாளுக்கு 100 பேருக்குத்தான் மின்னஞ்சல் போகும் என்ற மாதிரி எல்லைகள் உண்டு, உங்களுக்கு அவை இடிக்காது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கணினி படிக்கும் பிள்ளை ஒருவர் உறவில் இருந்தால், நான் சொன்ன முதல் ஓட்டம் முழுவதையும் அதிலேயே எழுதிவிடலாம். அப்படி ஆள் கிடைத்தால் மேக்கும் தேவையில்லை. ஆள் இல்லாவிட்டால் மேக். அதில் ஓட்டம் வட்டம் வட்டமாகத் திரையில் தெரியும், எந்த வட்டத்தில் நின்றது என்று கணினி நிரல் எழுதத் தெரியாதவருக்கும் விளங்கும். உங்களுக்கு அதை நான் தெரிவு செய்ததற்கு விலையைவிட இதுதான் பெரிய காரணம்.

கியூஆர் போட் விடயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். வட்ஸ்அப் வெப்பைத் திறப்பதுபோல உங்கள் இலக்கத்தை ஸ்கேன் பண்ணி, அதன் வழியாக ஒரு மென்பொருள் செய்தி அனுப்பும் முறை அது. வட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா அனுமதித்த வழி அல்ல. கண்டுபிடித்தால் இலக்கத்தைத் தடை செய்வார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே இலக்கத்தைத்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அது போனால் அந்த வருட வியாபாரத்துக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தடையோடு முடிந்தாலும் பரவாயில்லை, ஸ்கேன் பண்ணிய அந்த மனிதரின் சேர்வரில் உங்கள் உரையாடல்கள் எல்லாம் திறந்து கிடக்கும். சாரி வாங்கும் பெண்களின் பெயரும் வீட்டு விலாசமும் ஃபோன் இலக்கமும் அதில் இருக்கின்றன. அவர்கள் அதை நம்பித் தந்தது உங்களிடம்.

முறையான வழி வட்ஸ்அப் பிஸ்னஸ் பிளாட்ஃபோர்ம். இது மேலே சொன்ன இலவசச் செயலி அல்ல, வட்ஸ்அப்பை வேறு மென்பொருளுடன் இணைக்க மெட்டாவே தரும் சேவை. அதற்குச் சில விதிகள் உண்டு. வாடிக்கையாளர் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் நீங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அந்த நேரம் கடந்தால், முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்தியை (டெம்ப்ளேட்) மட்டும்தான் அனுப்பமுடியும். 2025 ஜூலை முதல் அந்த வார்ப்புச் செய்திகளுக்கு ஒவ்வொன்றாகக் காசு. விளம்பரச் செய்திக்கு ஒரு விலை, ‘உங்கள் பார்சல் புறப்பட்டது’ போன்றதற்கு வேறு விலை. பழைய முறையில் ஓர் இலக்கத்தை அங்கே கொண்டுபோனால் ஃபோன் செயலியில் அதைப் பாவிக்க முடியாது. இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் வசதியும் வந்திருக்கிறது. எதிர்காலத்தில் அந்தப் பக்கம் போகும்போது “என் இலக்கம் ஃபோனிலும் இருக்குமா?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இன்றைக்கு, நாளுக்கு 25 ஓடரில், உங்களுக்கு அது தேவையில்லை.

இரவில் ஏஐ பதில் சொல்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கட்டாரில் இருப்பவர் இரவு பத்துக்கு எழுதினால் நமக்குப் பன்னிரண்டரை, நீங்கள் விழித்திருக்க முடியாதுதான். ஆனால் விலை, கையிருப்பு, தள்ளுபடி, எப்போது வந்து சேரும் என்ற நான்கையும் ஏஐ தன் வாயால் சொல்லக்கூடாது. கனடாவில் எயார் கனடா நிறுவனத்தின் சட்போட் ஒரு பயணிக்குத் துக்கவீட்டுக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் சொல்லிவிட்டது. அது போட் சொன்னது, எங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த அளவுக்கு உங்கள் கடை வழக்கு ஏறப்போவதில்லை. ஆனால் “412 இருக்கிறது, 3500 ரூபாய்” என்று நடுச்சாமத்தில் போட் சொன்னால், காலையில் இல்லை என்று சொல்லும் கஷ்டம் உங்களுக்குத்தான். இரவுக்குத் தானியங்கிச் செய்தி போதும்: ‘ஸலாம், உங்கள் செய்தி கிடைத்தது. சாரி இலக்கத்தை அனுப்பிவையுங்கள், காலை ஒன்பதுக்குப் பதில் தருவோம்.’ அதுவே நேர்மையானது, வாங்குபவரும் காத்திருப்பார்.

காசு விடயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். வங்கிச் சிலிப்பின் படத்தை ஏஐ வாசித்துத் தொகையையும் திகதியையும் ஷீட்டில் போடலாம், அது நல்ல உதவி. ஆனால் ‘காசு வந்தது’ என்று நிலையை மாற்றுவது மனிதராகத்தான் இருக்கவேண்டும், வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு. ஒரு சிலிப் படத்தைத் திருத்துவது எவ்வளவு இலகு என்று உங்களுக்குத் தெரியும். அடையாள அட்டைப் படம் யாராவது அனுப்பினால் அதை எந்த ஏஐக்கும் கொடுக்கவேண்டாம், உங்களுக்கு அது தேவையே இல்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவைக்கு மேல் சேர்க்காதே, சேர்த்ததைத் தேவை முடிந்தும் வைத்திருக்காதே என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அனுப்பி முடித்த ஓடர்களின் விலாசங்களை இடைக்கிடை அழித்துவிடுவதைப் பழக்கமாக்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய ஓடர் செய்திகளில் ஐம்பதைப் பொறுக்கி எடுங்கள். நல்லதாகப் பார்த்து எடுக்கவேண்டாம், மிகக் குழப்பமானவற்றையே எடுங்கள். பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றிவிட்டு, மேக்கின் இலவசத் திட்டத்தில் ஓட்டத்தைக் கட்டி, ஐம்பதையும் ஒட்டிப் பாருங்கள். ஐம்பதுக்கும் தலா நான்கு படி, 200 கிரெடிட்தான் போகும். எத்தனை விலாசம் சரியாகப் பிரிந்தது, எத்தனையில் இல்லாத ஊரைத் தானாகச் சேர்த்தது என்று மச்சியே எண்ணட்டும். வெற்றாக விட்டது பிழை அல்ல, அதை அவள் நிரப்பிவிடுவாள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதியதுதான் பிழை. அப்படி வந்தால் கட்டளையை மாற்றியோ வேறு ஏஐ மாதிரியைப் போட்டோ திரும்பச் செய்யுங்கள். யூடியூப் ஒப்பீடு எதையும்விட இந்த ஐம்பது செய்தி உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

ஓட்டம் ஒருநாள் கட்டாயம் நிற்கும். கூகுள் இணைப்பு காலாவதியாகும், அல்லது யாராவது ஷீட்டில் ஒரு நிரலின் பெயரை மாற்றிவிடுவார்கள். பிழை விழுந்தால் மேக் அந்த ஓட்டத்தைத் தானே நிறுத்திவிட்டு மின்னஞ்சல் அனுப்பக்கூடும். அந்த மின்னஞ்சல் நீங்கள் தினமும் பார்க்கும் முகவரிக்கு வருகிறதா என்று பாருங்கள். கடை பூட்டும்போது, அன்று ஒட்டிய செய்திகள் எத்தனை, ஷீட்டில் ஏறிய வரிகள் எத்தனை என்று இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். கொப்பியை ஒரு பெருநாள் கடக்கும்வரை விடவேண்டாம்.

மச்சியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அவள் வேலை போகாது, போகவும் விடக்கூடாது. எந்த வாடிக்கையாளர் எப்படிப் பேசுவார், எந்த ஊரில் எந்தக் குறுக்கு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவள் தலையில் இருக்கிறது, எந்த ஏஐயிலும் இல்லை. இரவில் உட்கார்ந்து கொப்பியைப் பார்த்துத் தட்டும் வேலைதான் அவளை விட்டுப் போகும். மேக்கைப் பழகும் முதல் ஆளாக அவளை வையுங்கள். கட்டித் தருபவர் வந்தால் அவள் பக்கத்தில் இருந்து கட்டச் சொல்லுங்கள், கட்டி முடிந்ததும் ஒருமுறை முழுவதையும் அழித்துவிட்டு அவளைத் தானாகக் கட்டவையுங்கள். ஓட்டம் நின்றால் திருத்தும் ஆள் கடைக்குள்ளேயே இருப்பார். அதற்கேற்பச் சம்பளத்தையும் கூட்டிக் கொடுங்கள், அவள் செய்யப்போவது கூடிய பொறுப்புள்ள வேலை.

யார் கட்டித் தந்தாலும் கூகுள், மேக், ஏஐ, மெட்டா பிஸ்னஸ் கணக்குகள் நான்கும் உங்கள் கடையின் மின்னஞ்சலில், உங்கள் ஃபோன் இலக்கத்தில் திறந்தவையாக இருக்கவேண்டும். கட்டுபவரைப் பயனராகச் சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். “என் கணக்கிலேயே ஓடவிடுகிறேன், மாதம் இவ்வளவு தாருங்கள்” என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருநாள் மனஸ்தாபம் வந்தால் உங்கள் ஓடர்கள் எல்லாம் அவர் கையில் இருக்கும்.

வருடச் சந்தா இப்போது வேண்டாம். இந்தத் தளங்கள் எண்ணும் முறையையே மாற்றிவிடுகின்றன, மேக் 2025இல்தான் ‘ஒப்பரேஷன்’ என்பதிலிருந்து ‘கிரெடிட்’டுக்கு மாறியது. பில் டொலரில் வரும், உங்கள் வரவு ரூபாயில். ஒரு நோன்புப் பெருநாளும் ஒரு சாதாரண மாதமும் மாதக் கட்டணத்தில் போகட்டும். இரண்டிலும் எத்தனை கிரெடிட் போனது என்று மேக்கின் கணக்குப் பக்கத்தில் தெரியும். அந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு அதன் பிறகு வருடத் திட்டத்தைப் பாருங்கள். அட்டையால் கட்டும்போது வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அது திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். முடிந்தால் இதற்கென்று குறைந்த எல்லையுள்ள தனி அட்டை ஒன்றை எடுங்கள், வாப்பாவின் அட்டையைப் போடவேண்டாம்.